காற்றுத் துப்பாக்கிக்கு எவ்வளவு பலம்?

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, கம்ப்ரஸர்களோடு 31 வருஷம் காலம் தள்ளியவன் எதைப் பற்றி எழுதுவது என்று விழித்துக்கொண்டிருந்தேன். விஷயம் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, பள்ளித் தோழி ஒருத்தியைப் பார்த்துவிட்டு, தானும் ஏர் ரைஃபிள் பழகப் போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தாள்.

"பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு? கண்ணுல கிண்ணுல பட்டா யாரு பதில் சொல்றது?" என்றாள் என் மனைவி.

"அம்மா, அது வெறும் காத்தும்மா. ஜூஹூ பீச்சுல பலூன் சுடுவோமே, அதேதான்" என்றான் மகன்.

இரண்டு பேர் சொன்னதும் பாதிப் பாதி சரி. என் மனைவி பயப்படுவதற்குக் காரணம் உண்டு. 1960களில் நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊரில், என் பெரியப்பா மகனும் நானும் யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஏர்கன் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் விளையாடினோம். ரவை இல்லை என்று நினைத்து நான் விசையை இழுத்தேன். ரவை அண்ணனின் வலது புருவத்துக்கு மேலே தோலுக்குள் போய் உட்கார்ந்தது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்க் கீறி எடுத்தார்கள். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அந்தத் தழும்பை என் கல்யாணத்தின்போதே என் மனைவி பார்த்துவிட்டாள், கதையையும் கேட்டுவிட்டாள்.

ஆகவே, "வெறும் காத்து" என்ற மகனின் பேச்சை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. காற்றால் எவ்வளவு முடியும், எங்கே அது நின்றுபோகும் என்று வீட்டில் நான் விளக்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. 'துப்பாக்கி' என்ற சொல்லுக்கு நம்மில் பலர் 'துப்பு' என்பதை வேராகச் சொல்வதுண்டு. குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்று. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அது துருக்கியிலிருந்து வந்த சொல். துருக்கியில் 'துஃபெக்', பாரசீகத்தில் 'துஃபங்', தெலுங்கிலும் கன்னடத்திலும் 'துபாகி'. சுவாரசியம் அதற்கும் முந்தியது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் காஷ்கரி தொகுத்த துருக்கி அகராதியில் இதன் பழைய வடிவம் இருக்கிறது. அங்கே அதன் பொருள், குருவி அடிப்பதற்காக வாயால் ஊதும் குழாய். வெடிமருந்து வந்த பிறகு அந்தப் பெயர் வெடிக்கும் குழாய்க்கு மாறிப்போயிற்று. ஆக, பெயரளவில் பார்த்தால் துப்பாக்கி பிறந்ததே காற்றில்தான்!

நம் நாட்டிலும் ஊதுகுழல் இருந்திருக்கிறது. சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியாவின் ஊதுகுழல்கள், வளரிகள், குறுக்குவில்கள் ஆகியவற்றைப் பற்றி 1924இல் லண்டனில் வெளியான மானிடவியல் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். மீன் கணக்கெடுக்க வந்தவருக்கு நம் வளரியில் இவ்வளவு அக்கறை!

இனி இயந்திரத்துக்கு வருவோம். ஊதுகுழலில் பலம் நம் நெஞ்சுக்கூட்டில் இருக்கிறது, அது கொஞ்சம்தான். அந்த வேலையைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, ஓரிடத்தில் அடைத்து வைத்து, ஒரே கணத்தில் திறந்துவிட்டால் என்ன ஆகும்? காற்றுத் துப்பாக்கி என்பது இவ்வளவுதான். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டிரியாவில் க்டெசிபியஸ் என்பவர் அடைத்த காற்றால் கல்லெறியும் பொறி ஒன்றைச் செய்தார் என்று பைசாந்தியத்து ஃபைலோ எழுதி வைத்திருக்கிறார். கையில் பிடிக்கும் துப்பாக்கிகளில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது, சுமார் 1580ஐச் சேர்ந்தது, ஸ்டாக்ஹோம் அரண்மனை ஆயுத அருங்காட்சியகத்தில் உள்ளது என்பார்கள். அது கொல்லன் துருத்தி போன்ற ஒன்றைக் கட்டைக்குள் வைத்துச் செய்தது.

ஆனால் காற்றை நிஜமாகவே போர்க்களத்துக்குக் கொண்டுபோனவர் பார்த்தலோமேயஸ் ஜிராண்டோனி. டைரோல் மலைப் பகுதியைச் சேர்ந்த கைவினைஞர். இவர் வடிவமைத்த துப்பாக்கியை ஆஸ்திரிய ராணுவம் 1780ஆம் ஆண்டு வாக்கில் ஏற்றுக்கொண்டது. நம் திருநெல்வேலிச் சீமையில் பூலித்தேவர் காலம் முடிந்து கட்டபொம்மன் காலம் தொடங்காத இடைவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய சிப்பாய் ஒருவன் மஸ்கட்டில் மருந்து போட்டு, குண்டைக் குழாயின் வாய் வழியே குத்தி இறக்கி, ஒரு நிமிஷத்தில் இரண்டு மூன்று முறை சுடுவான். ஜிராண்டோனியின் துப்பாக்கியில் குழாய்க்குப் பக்கவாட்டில் 20 குண்டுகள் வரிசையாக நிற்கும். துப்பாக்கியின் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி, ஒரு கட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் ஒரு குண்டு தானாக உருண்டு வந்து உட்காரும். விரலை எடுத்ததும் வில் அந்தக் கட்டையைத் திரும்ப இடத்தில் கொண்டுவந்துவிடும். சுடு. மறுபடி தள்ளு. புகை கிடையாது, நெருப்பு கிடையாது, மழையில் மருந்து நனையுமே என்ற கவலையும் கிடையாது.

காற்று எங்கே இருந்தது? தோளில் முட்டுக்கொடுக்கும் பின்கட்டையே காற்றுக்குடம். மரத்துக்குப் பதிலாக, இரும்புத் தகட்டைச் சுருட்டி, ஆணி அடித்து இணைத்து, பொடி வைத்துப் பற்றவைத்த கூம்பு. அதில் சதுர அங்குலத்துக்கு சுமார் 800 பவுண்டு அழுத்தம். நம் கணக்கில் சதுர செ.மீ.க்கு 55 கிலோவுக்கு மேல். வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது ஏறத்தாழ 1 கிலோ. கார் டயரில் 2 கிலோ சொச்சம். ஐம்பது குக்கரை ஒன்றாகச் சேர்த்துத் தோளில் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான் என்று நினைத்துப் பாருங்கள்!

அந்தக் குண்டு 11.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈய உருண்டை, 9 கிராமுக்குச் சற்று அதிகம். அதன் முதுகில் சதுர செ.மீ.க்கு 55 கிலோ என்றால், ஓர் ஆளின் எடை அளவுக்குத் தள்ளு. குண்டின் சொந்த எடையைப் போல ஆறாயிரம் மடங்கு. வால்வு திறந்திருப்பது கண் இமைக்கும் நேரத்தில் மிகச் சிறு பங்குதான். சுத்தியல் வால்வின் காம்பைத் தட்டும், காற்று சீறும், உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தமே வால்வைத் திரும்ப அடைத்துவிடும். ஒரே மூச்சில் எல்லாம் காலியாகாமல் 30 தடவை வரை உபயோகமாகச் சுட முடிந்ததற்கு இந்த வால்வுதான் காரணம். ஒவ்வொரு சுடுகைக்கும் அழுத்தம் குறையும், வேகமும் குறையும். முழு அழுத்தத்தில் குண்டு விநாடிக்கு 150 முதல் 180 மீட்டர் வரை போயிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் அதன் ஆற்றல் 100 முதல் 150 ஜூல். 10 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் என்ன அடி விழுமோ அந்த அளவு. ஆனால் விழுவது ஒரு நாணயத்தை விடச் சின்ன இடத்தில்.

அப்படியானால் உலகத்து ராணுவங்கள் எல்லாம் ஏன் காற்றுக்கு மாறவில்லை? இதற்கு பதில் புத்தகத்தில் இருப்பதைவிட மெயின்டனன்ஸ் ஷாப்பில் அதிகம் இருக்கிறது. அந்தக் குடத்தை நிரப்பக் கைப்பம்பால் 1,500 முறை அடிக்க வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒன்று என்றாலும் 50 நிமிஷம். கடைசி நூறு அடிகள் எப்படியிருக்கும் என்று சைக்கிள் பம்பு அடித்தவர்களுக்குத் தெரியும், அதுவும் அவர்கள் நிரப்புவது இதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பம்பு அடிக்கும்போது காற்று சூடாகும். குடத்தை ஓரமாக வைத்தால் ஆறும். ஆறினால் அழுத்தம் இறங்கும். அடித்த உழைப்பில் ஒரு பகுதி அப்படியே காற்றோடு போச்சு. எங்கள் ஷாப்பில் பெரிய கம்ப்ரஸர்களுக்குத் தண்ணீர் ஓடும் கூலர்கள் வைத்திருப்போம். அங்கே போகும் வெந்நீர் எல்லாம் கரண்டு பில்தான் என்று எங்கள் ஃபோர்மேன் சொல்வார்.

அடுத்தது கசிவு. அன்று ரப்பர் வளையம் கிடையாது. வால்வுக்கும் மரைக்கும் தோல்தான். தோல் காய்ந்தால் சுருங்கும், ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். தகட்டுக் குடமோ ஒவ்வொன்றும் கைவேலை. பற்றவைத்த இடத்தில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் காலையில் பார்க்கும்போது குடம் காலி. ஒரு சிப்பாய்க்கு உபரிக் குடங்கள், பம்பு, பழுது பார்க்கத் தனிப் பயிற்சி பெற்ற ஆட்கள் என்று ஒரு பட்டறையே பின்னால் போக வேண்டியிருந்தது. மஸ்கட்டை எந்தக் கொல்லனும் தட்டிச் சரிசெய்துவிடுவான். ஜிராண்டோனியின் யோசனை அவர் காலத்தை முந்தியது. அவருக்குக் கிடைத்த தகடும் தோலும் அந்தக் காலத்தோடு நின்றுவிட்டன. 1815க்குள் ஆஸ்திரியா இவற்றை மூட்டை கட்டி வைத்துவிட்டது. பிடிபட்ட காற்றுத் துப்பாக்கிக்காரர்களைத் தூக்கிலிட நெப்போலியன் உத்தரவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. அதை நான் நம்புவதில்லை.

இதில் ஒன்று அமெரிக்கா போனது. 1803இல் மெரிவெதர் லூயிஸ், கிளார்க்கோடு சேர்ந்து பசிபிக் கரை வரை போன புகழ்பெற்ற பயணத்துக்கு ஒரு காற்றுத் துப்பாக்கியை எடுத்துச் சென்றார். அது ஜிராண்டோனி வகைதான் என்பது இன்று பல ஆய்வாளர்களின் கருத்து. வழியில் சந்தித்த பழங்குடி மக்கள் முன்னால் இதைச் சுட்டுக் காட்டுவது அவர் வழக்கம். புகையில்லாமல், மருந்து போடாமல், அடுத்தடுத்து சுடுவதைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

ஆனால் என் மனைவிக்கு நான் சொன்னது வேறு. பயணக் குறிப்பின் முதல் நாளிலேயே, 1803 ஆகஸ்ட் 30 அன்று, பிட்ஸ்பர்க் அருகே ஒரு தீவில், பழக்கமில்லாத ஒருவர் கையில் இந்தத் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. சுமார் 40 கஜ தூரத்தில் நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து, நெற்றிப் பொட்டை உரசிக்கொண்டு குண்டு போனது. ரத்தம் கொட்டி அவர் கீழே விழ, செத்தே போனார் என்று எல்லோரும் பதறினார்கள். பிறகு எழுந்து உட்கார்ந்தார். இதை லூயிஸே எழுதி வைத்திருக்கிறார். "பாத்தீங்களா, நெத்திதான் அங்கயும்!" என்றாள் என் மனைவி. எனக்கு வேப்பமரத்தடி ஞாபகம் வந்துவிட்டது.

காற்றின் பலத்துக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. குடத்தை எவ்வளவு கெட்டியாகச் செய்தாலும் அதைத் தாண்டுவது கடினம். காலை ஒன்பது மணிக்கு காட்கோபர் ஸ்டேஷனில் லோக்கலில் ஏறுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பின்னாலிருக்கும் கூட்டம் தள்ளுவதால் நாம் உள்ளே போகிறோம். ஆனால் முன்னால் இருப்பவன் கூட்டத்தால் ஓட முடிந்ததைவிட வேகமாக ஓட ஆரம்பித்தால், பின்னாலிருந்து தள்ளு அவன் முதுகை எட்டாது. காற்றின் அணுக்கூட்டமும் அப்படித்தான். அவை நகரும் வேகம் ஒலியின் வேகத்தோடு, அதாவது சாதாரண வெப்பத்தில் விநாடிக்கு சுமார் 340 மீட்டரோடு, சம்பந்தப்பட்டது. குண்டு அதை நெருங்க நெருங்க, அழுத்தத்தை ஏற்றினாலும் பலன் குறைந்துகொண்டே போகும். வெடிமருந்து எரியும்போது வாயுவின் வெப்பம் ஏறத்தாழ 2,000 டிகிரியைத் தொடும். சூடான கூட்டம் வேகமான கூட்டம். மருந்து ஜெயித்தது அதில் அழுத்தம் அதிகம் என்பதால் மட்டுமல்ல, சூடு அதிகம் என்பதாலும்தான்.

கதைகளில் மட்டும் காற்றுத் துப்பாக்கி கொலைக் கருவியாகவே நிலைத்துவிட்டது. ஷெர்லாக் ஹோம்ஸைக் குறிவைத்த கர்னல் மோரன் வைத்திருந்தது ஏர்கன்தான். கோனன் டாயில் 1903இல் எழுதியது. அந்த மோரன் நம் பெங்களூர்ப் படைப்பிரிவில் இருந்த புலி வேட்டைக்காரர் என்று கதை சொல்லும்!

நாம் ஜூஹூவிலும் மெரினாவிலும் பார்க்கும் பலூன் துப்பாக்கி வேறு ஜாதி. அதில் காற்றை யாரும் முன்கூட்டி அடைத்து வைப்பதில்லை. குழாயை மடக்கினால் உள்ளே ஒரு பெரிய வில்கம்பி சுருளும். விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து, முன்னால் இருக்கும் கொஞ்சம் காற்றை ஒரு கணத்தில் நசுக்கும். பம்பு அடித்தால் வீணாகும் அந்தச் சூடு இங்கே வீணாக நேரமே இல்லை. அதுவும் சேர்ந்து ரவையைத் தள்ளும். எண்ணெய் அதிகமாகிவிட்டால் அந்தச் சூட்டில் டீசல் எஞ்சினைப் போலப் பற்றிப் புகை கூட வரும். ஆகவே இது வில்தான், அம்புக்குப் பதில் காற்று நடுவில் நிற்கிறது. குடம் இல்லை, கசிவு இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் சுடலாம்.

இந்த வகைக்கும் நம் மும்பைக்கும் பழைய உறவு. வால்சந்த் ஹீராசந்த் 1926இல் தொடங்கிய இந்தியன் ஹியூம் பைப் கம்பெனியை ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் சிமெண்ட் குழாய்களுக்காகத்தான் எல்லோருக்கும் தெரியும். அதே கம்பெனி ஏர் ரைஃபிளும் செய்தது. 'ஐ.எச்.பி.' என்ற பெயரில் நாடு முழுக்கக் கிளப்புகளில் புழங்கியது. பெரிய குழாய் போட்டவர்கள் சின்னக் குழாயும் போட்டார்கள்.

அந்த ரவையையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ரவை, இங்கே சர்ரா. உருண்டை இல்லை, உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்திருக்கும். தலை கனம், பின்பக்கம் மெல்லிய பாவாடை. பின்னாலிருந்து காற்று தள்ளும்போது பாவாடை விரிந்து குழாயின் சுழல் வரிகளைக் கவ்விக்கொள்ளும். காற்று கசியாது, ரவையும் சுழன்று நேராகப் போகும். ஜிராண்டோனி தோலோடு பட்ட பாட்டை இந்தச் சின்ன ஈயப் பாவாடை பாதி தீர்த்துவிட்டது.

பேத்தி பழகப்போவது மூன்றாவது வகை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள். இது மறுபடியும் ஜிராண்டோனியின் வழி: முன்கூட்டியே அடைத்த காற்று. ஆனால் இன்று தகட்டுக்குப் பதிலாகக் கடைந்தெடுத்த சிலிண்டர், சதுர செ.மீ.க்கு 200 கிலோ அழுத்தம். நாலு மடங்கு அழுத்தம், ஆற்றலோ பதினைந்தில் ஒரு பங்கு கூட இல்லை. ரவை அரை கிராம் சொச்சம், வேகம் விநாடிக்கு 170 மீட்டர் வாக்கில், ஆக சுமார் 8 ஜூல். ஏனென்றால் இங்கே யாருக்கும் பலம் வேண்டாம். முதல் ரவை எந்த வேகத்தில் போனதோ அதே வேகத்தில் அறுபதாவதும் போக வேண்டும். 200 கிலோவை இறக்கி, ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகக் கொடுக்கும் ரெகுலேட்டர்தான் இதன் உயிர். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த புள்ளி. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் கொண்டுவந்தது இந்த வகைத் துப்பாக்கியால்தான். நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான பெயர் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் வேர்விட்ட தமிழ்க் குடும்பம். 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காக நின்றார். இதைக் கேட்டதும் என் மனைவியின் குரல் கொஞ்சம் இறங்கியது உண்மை.

இப்போது மகனுக்கு என் பதில். 8 ஜூல் என்பது முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு தேங்காயை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவது. காலில் விழுந்தால் திட்டிவிட்டுப் போவோம். அதே ஆற்றலை 4.5 மில்லிமீட்டர் வட்டத்தில் வைத்தால் தோல் தாங்காது, கண் நிச்சயமாகத் தாங்காது. அரசாங்கத்துக்கும் இது தெரிந்தே இருந்தது. 1962ஆம் வருஷத்து ஆயுத விதிகளில், ஒரு அங்குலக் கனமுள்ள மரப்பலகையை ரவை துளைத்து வெளியே வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. 2016 விதிகள் பலகையை விட்டுவிட்டு ஜூலுக்கு வந்தன. 20 ஜூலுக்கு மேல் போனாலோ, குழாய் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். அதற்குக் கீழே லைசென்ஸ் இல்லை என்பதைத்தான் பலரும் 'விளையாட்டுச் சாமான்' என்று புரிந்துகொள்கிறார்கள். எங்கள் வேப்பமரத்தடித் துப்பாக்கியும் அந்த வரம்புக்குள்தான் இருந்திருக்கும்.

பேத்தியை நானே கூட்டிக்கொண்டு போனேன். சுடும் வரிசையில் யாராவது முன்னால் காலெடுத்து வைத்தால் எல்லாத் துப்பாக்கியும் கீழே வைக்கப்படுகிறது. சுடாத நேரத்தில் குழாய்க்குள் ஒரு கலர் நூல் ஓடுகிறது, உள்ளே ரவை இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரியும். எங்களிடம் அன்று அந்த நூல் இருந்திருந்தால்! பயிற்சியாளர் தம்பி கண் கண்ணாடி, கோட்டு, நிற்கும் முறை எல்லாம் விளக்கினார். நான் சிலிண்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, "என்ன தேடுறீங்க, அங்கிள்?" என்று இந்தியில் கேட்டார். இந்தச் சிலிண்டர்களுக்கு ஆயுசு பத்து வருஷம் என்று செய்பவர்கள் போட்டிருப்பார்கள். தயாரித்த தேதி அதன் மேலேயே அடித்திருக்கும். இருக்கிறதிலேயே ஆபத்தான சாமான் அதுதான், ரவை இல்லை. இதற்கு இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருந்தது. "சரி, சேர்த்துக்குங்க" என்றேன்.